நம் நிலத்தில் பிறர் விழுந்தால் பொறுப்பு யாருக்கு?



கடை, சரக்கு, லைசென்ஸ், வருமான வரி ஆகியவற்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலரும் எழுதியிருக்கிறார்கள. நிலத்தைப் பற்றி எழுதினால் மட்டும் வாங்குவது, விற்பது, வாரிசுப் பங்கு பிரிப்பது என்ற அளவோடு பேச்சு நின்றுவிடுகிறது. நம்மவரில் அநேகரிடம் கடைக்குப் பின்னால் ஒரு வெற்றிடமோ, ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் டூசுனோ, பெங்காலான் பாலாக் பக்கம் ஒரு துண்டு நிலமோ இருக்கிறது. பெரும்பாலும் வேலி கிடையாது. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வந்து பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள். நாமும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறோம். அப்படி வந்த ஒருவருக்குக் கை கால் முறிந்தால் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என்பதே இம்முறைப் பாடம்.

நாம் வக்கீல் அல்ல. மதரஸாவில் ஓதியதும் தொடக்கப் பள்ளியில் படித்ததுமே நமது படிப்பு. இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கும்படி நம்மைச் செய்தது நமது சொந்த டூசுனில் நடந்த ஒரு காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மஸ்ஜித் தானாவிலிருந்து சிறிது தூரத்தில் நமது தகப்பனார் வாங்கிப் போட்ட டூசுன் அது. டுரியான் மரங்கள், சில ரம்புத்தான், ஒரு கோடியில் மேடு பள்ளமில்லாத திடல். அந்தத் திடலில் கம்பத்துப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் அஸருக்குப் பிறகு பந்து உதைப்பது பல வருஷ வழக்கம். செருப்பைக் குறி வைத்து விளையாடுகிறார்களே என்று ஒரு முறை நாமே நான்கு மூங்கில் வெட்டி, கோல் கம்பம் நட்டுக் கொடுத்தோம். திடலுக்கு அப்பால் லாலாங் மண்டிய இடத்தில் ஒரு பழைய கிணறு உண்டு. நமக்கு முந்திய சொந்தக்காரர் வெட்டியது. சுற்றுச் சுவர் இடிந்து தரைமட்டமாகி, மேலே போட்ட பலகையும் உளுத்துப் போயிருந்தது. மூட வேண்டும், மூட வேண்டும் என்று ஒவ்வொரு டுரியான் பருவத்திலும் நினைப்போம். பருவம் முடிந்ததும் மறந்துவிடுவோம்.

ஒருநாள் பந்தைத் தேடிப் போன 11 வயதுப் பையன் பலகையோடு உள்ளே போய்விட்டான். வறட்சிக் காலமாதலால் தண்ணீர் இடுப்பளவே இருந்தது. தோள் எலும்பும் கையும் முறிந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். மற்றப் பையன்கள் ஓடி வந்து கடையில் சொல்ல, நாம் போய்க் கயிறு விட்டு ஆள் இறக்கித் தூக்கினோம்.

பையனின் தகப்பனார் லோரி ஓட்டுபவர். நமது கடையில் பற்று வைத்து வாங்குகிறவர். இரவு கடைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பாய், அங்கே கிணறு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றோம்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. பற்றுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, பாக்கி முழுவதையும் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

பின்னால் சட்டத்தைப் பற்றி விசாரித்தபோது நமக்கு ஒரு விஷயம் வியப்பாக இருந்தது. அந்த லோரிக்காரர் கேட்ட கேள்விதான் கோர்ட்டும் முதலில் கேட்கும் கேள்வி.

நமது நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் எழுதப்படவில்லை. 1956-ஆம் வருஷத்துச் சிவில் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தீபகற்பத்தைப் பொறுத்தமட்டில் 7-4-1956 அன்று இங்கிலாந்தில் நடப்பிலிருந்த பொதுச் சட்டத்தை, இங்கே வேறு ஏற்பாடு இல்லாத இடங்களில், எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மறு வருஷமே, அதாவது 1957-இல், இங்கிலாந்துக்காரர்கள் நில அனுபோகக்காரரின் பொறுப்புக்குப் புதிய சட்டம் இயற்றி, பழைய பாகுபாடுகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டார்கள். ஒரு வருஷம் பிந்தியதால் அது நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் கழித்துப் போட்ட பழைய கணக்கே நமக்கு அடிப்படையாக நிற்கிறது. அண்டை சிங்கப்பூரில் 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டு, சாதாரணக் கவனக்குறைவு விதிக்குள்ளேயே இதையும் அடக்கிவிட்டது.

அந்தப் பழைய கணக்கு யாதெனில், நிலத்துக்குள் வருகிறவர்களை நான்கு வகையாகப் பிரிப்பது. காசு கொடுத்து வருபவருக்கு, அவர் வந்த காரியத்துக்குத் தக்கபடி இடம் பத்திரமாக இருக்க வேண்டும். வியாபார நிமித்தமாக வருபவர் அடுத்த வகை. நம் கடையில் ஏறும் வாடிக்கைக்காரர் இவரே. இவருக்காக, நமக்குத் தெரிந்த அபாயத்தை மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய அபாயத்தையும் கவனிக்க வேண்டும். 1866-இல் இங்கிலாந்தில் ஒரு சர்க்கரை ஆலைக்குக் கேஸ் விளக்கைச் சோதிக்கப் போன தொழிலாளி, தடுப்பில்லாத துவாரத்தில் விழுந்த வழக்கில் இந்த விதி நிலைத்தது. நம்மவர் கடைகளில் பின்கட்டுக்குப் போகும் இருட்டு வழியையும், எண்ணெய் சிந்திய தரையையும், மாடிக்கு ஏறும் மரப்படியையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கவும்.

மூன்றாமவர், நமக்கு லாபம் ஒன்றுமின்றி நமது அனுமதியால் மட்டும் வருபவர். விருந்தாளியும், திடலில் விளையாடும் பிள்ளையும் இந்த வகை. இவருக்காக நிலத்தைச் செப்பனிட வேண்டிய கடமை இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த, அவர் கண்ணுக்குத் தெரியாத அபாயம் இருந்தால் எச்சரித்தே ஆக வேண்டும். நான்காமவர் அத்துமீறி நுழைபவர். இவர் விஷயத்தில் சட்டம் முன்பு மிகவும் கடினமாக இருந்தது. 1929-இல் ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்க நிலத்தில் சக்கரத்தில் சிக்கி இறந்த 4 வயதுக் குழந்தையின் தகப்பனாருக்கு, பிள்ளை அத்துமீறி வந்தது என்று சொல்லிப் பிரபுக்கள் சபை ஒன்றும் கிடையாது என்றது. 1972-இல், உடைந்த வேலி வழியாக ரயில் பாதைக்குப் போய் மின்சாரத்தில் கருகிய 6 வயதுச் சிறுவனின் வழக்கில் அதே சபை இளகி, அத்துமீறியவரானாலும் மனிதாபிமானத்தோடு நடக்கும் கடமை உண்டு என்றது. நம் கோர்ட்டுகள் இத்தகைய பிந்திய தீர்ப்புகளையும் எடுத்துப் பார்ப்பதுண்டு.

நம்மவரில் பலர் சொல்லும் சமாதானம் ஒன்று இருக்கிறது. "நான் யாரையும் வா என்று சொல்லவில்லையே, அவனாக வந்தான்" என்பது. இது நிற்காது. ஒரு பழைய வழக்கைக் கேளுங்கள். ஒரு குடியானவரின் வயல் வழியாக ரயில் நிலையத்துக்குக் குறுக்கு வழியாக ஊர் மக்கள் பல வருஷங்களாக நடந்து வந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் உருப்படியாகத் தடுக்கவும் இல்லை. கடிக்கும் குதிரை என்று தெரிந்தே ஒரு குதிரையை, எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல், அந்த வயலில் விட்டார். அது ஒருவரைக் குதறிவிட்டது. குதிரைக்காரர் பொறுப்பு என்றே பிரபுக்கள் சபை தீர்த்தது. நெடுநாள் கண்டும் காணாதிருப்பது அனுமதிக்குச் சமம் என்பதே அதன் கருத்து. நாமோ கண்டும் காணாதிருந்ததோடு நில்லாமல் மூங்கில் வேறு நட்டுக் கொடுத்தவர்கள்!

இங்கே நமது மதரஸாப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676-இல், அதாவது 1277-இல் வபாத்தானவர்கள். அவர்களுடைய மின்ஹாஜ் என்னும் ஷாபிஈ மத்ஹபுக் கிதாபில், உயிர்ச்சேதத்துக்குரிய ஈட்டைப் பற்றிய பகுதியில், கிணற்று மஸ்அலா வருகிறது. தன் சொந்த நிலத்தில் கிணறு வெட்டியவர்மீது பொறுப்பில்லை. பொது வழியில் பிறருக்குத் தொந்தரவாக வெட்டியவர்மீது பொறுப்பு உண்டு. இவ்வளவும் எளிதாக விளங்கக்கூடியது. அதற்கு அடுத்து இமாமவர்கள் ஒரு மனிதரைக் காட்டுகிறார்கள். அவர் தம் வீட்டு நடையிலேயே கிணறு வெட்டி வைத்திருக்கிறார். ஒருவரை வீட்டுக்கு அழைக்கிறார். வந்தவர் அதில் விழுந்துவிடுகிறார். வீடும் அவருடையது, கிணறும் அவருடையது. ஆயினும் இரண்டு சொற்களில் வலுவானது, அழைத்தவர்மீது பொறுப்பு உண்டு என்பதே. விருந்தாளிக்குத் தெரியாமல் கிணறு மறைந்திருந்து, வீட்டுக்காரரும் சொல்லாமல் இருந்ததைப் பற்றியே இது என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

சிறு வயதில் இதை ஓதியபோது, எந்தப் பைத்தியக்காரன் நடையில் கிணறு வெட்டுவான் என்று நாங்கள் பிள்ளைகள் சிரித்தோம். உஸ்தாதும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

ஹனபீ மத்ஹபைச் சேர்ந்த ராவுத்தர் சகோதரர்கள் மஜல்லாவைப் பார்க்கலாம். துருக்கி உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த சட்டநூல் அது. 1913-இல் ஜொகூரிலும் மலாயில் பெயர்த்துக் கைக்கொள்ளப்பட்டது. அதன் 924-ஆம் பிரிவிலும் இதே கிணறு இருக்கிறது. உத்தரவின்றிப் பொது வழியில் வெட்டிய கிணற்றில் பிறர் மிருகம் விழுந்து செத்தால் வெட்டியவர் கொடுக்க வேண்டும், சொந்த நிலத்துக் கிணறானால் இல்லை என்கிறது. நமது டூசுன் விஷயத்தில் கிணற்றை வெட்டியவர் நாமும் அல்ல. ஆகவே கிதாபின்படி ஈடு கடமையா இல்லையா என்று ஃபத்வா கொடுக்க நாம் யார்? ஆலிம்களிடம் கேட்க வேண்டிய காரியம் அது. கிதாபும் கோர்ட்டும் இரண்டு வெவ்வேறு பாதையில் வந்து, தெரிந்ததைச் சொல்லாமல் விட்டவர் என்ற ஒரே ஆளிடம் நிற்கின்றன என்பதை மட்டும் நாம் கண்டோம்.

கிணறு என்றதும் தாய்நாட்டுச் சேதி ஒன்று வாசகர்களுக்கு நினைவு வரும். 2019 அக்டோபர் 25 மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், விளையாடிக்கொண்டிருந்த 2 வயதுக் குழந்தை பயன்படுத்தாமல் விடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் போய்விட்டது. நாலு இரவு உலகத் தமிழர் எல்லாம் கண் விழித்திருந்தோம். 29-ஆம் தேதி விடியுமுன் மையித்தாகத்தான் எடுத்தார்கள். கிணறு அந்தக் குடும்பத்தின் சொந்த நிலத்திலேயே இருந்தது. இத்தனைக்கும் 2010-இலேயே இந்தியாவின் உச்ச நீதிமன்றம் தெளிவான கட்டளை இட்டிருந்தது. ஆழ்துளைக் கிணறு போடுமுன் 15 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், சுற்றி வேலி வேண்டும், பலகை வேண்டும், கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரை மட்டம் வரை மண்ணோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் அளவுகோல் வேறு என்பதையும் அறியவும். கிளாஸ்கோ நகரசபை வழக்கில், பொதுத் தோட்டத்தில் அழகாகக் காய்த்திருந்த நச்சுப் பழத்தைத் தின்று 7 வயதுச் சிறுவன் இறந்தான். பெரியவர்கள் தின்னமாட்டார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. பிள்ளையின் கையை இழுக்கும் பொருளைப் பிள்ளைகள் வரும் இடத்தில் வைத்துவிட்டு, அத்துமீறல் என்று சொல்ல முடியாது. இன்னும் ஒன்று: சாதாரணமாக இத்தகைய வழக்குக்குக் கெடு 6 வருஷம். அடிபட்டவர் பிள்ளையானால் 18 வயது நிரம்பிய பிறகே அந்த 6 வருஷம் ஓடத் தொடங்கும். 11 வயதில் விழுந்த பையன் 24 வயது வரை வழக்குப் போடலாம். தகப்பனார் பேசாமல் போய்விட்டார் என்பதால் கணக்கு முடிந்துவிடவில்லை.

அப்படியானால் வேலி போட்டு எல்லாரையும் துரத்திவிட வேண்டியதுதானே என்று நண்பர்கள் இருவர் நமக்கு யோசனை சொன்னார்கள். நாமும் ஒரு வாரம் அந்த எண்ணத்தில்தான் இருந்தோம். கம்பி வேலிக்கு விலை கூடக் கேட்டாயிற்று. பிறகு மனம் ஒப்பவில்லை. திடலை அடைத்தால் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் உட்காரப் போவதில்லை. லோரி ஓடும் ரோட்டோரத்தில் ஆடுவார்கள், அல்லது ஆற்றுக்குப் போவார்கள். இங்கிலாந்தில் 2003-இல் வந்த ஒரு தீர்ப்பு இதற்குத் துணையாக இருக்கிறது. ஒரு பொது ஏரியில், நீந்தக்கூடாது என்று பலகை இருந்தும், 18 வயது வாலிபர் ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்து முடமானார். பரிதாபம்தான். ஆயினும், வெளிப்படையாகத் தெரியும் அபாயத்தில் வயது வந்தவர் தாமாக இறங்கியதற்காக, மணற்கரையில் உட்கார்ந்து மகிழும் ஆயிரம் குடும்பங்களின் இடத்தை மூடவேண்டியதில்லை என்ற கருத்தில் பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளியது. கடல் ஆழம் என்பதும் மரம் ஏறினால் விழலாம் என்பதும் யாவரும் அறிந்தவை. லாலாங்குக்குள் கிணறு இருப்பது அப்படியல்ல.

அமெரிக்காவில் நிலக்காரர்களின் இந்தப் பயத்தைப் போக்கவே சட்டம் செய்தார்கள். மிச்சிகன் மாநிலம் 1953-இல் தொடங்கியது. 1965-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டு, இன்று அங்குள்ள எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இலவசமாக மீன் பிடிக்கவும் நடக்கவும் வேட்டையாடவும் நிலத்தைத் திறந்து விடுபவர்மீது சாதாரண விபத்துக்குப் பொறுப்பில்லை என்பதே அதன் சாரம். மாதிரிச் சட்டத்தில் இரண்டு விலக்குகள். தெரிந்த அபாயத்தை வேண்டுமென்றே மறைத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. கட்டணம் வாங்கியவருக்கும் இல்லை. நம் நாட்டில் இப்படிப்பட்ட சட்டம் கிடையாது.

கட்டணம் என்ற சொல்லை வியாபாரிகளாகிய நம்மவர் கவனமாகப் பார்க்க வேண்டும். டூசுனில் டுரியான் விருந்து, ஆற்றங்கரையில் கூடாரம், கடற்கரையில் தங்குமிடம் என்று இப்போது பலருக்கும் ஆசை. தலைக்கு 10 வெள்ளி வாங்கிய நிமிஷமே வந்தவர் மூன்றாம் வகையிலிருந்து முதல் வகைக்கு ஏறிவிடுகிறார். 2022 டிசம்பர் 16 நள்ளிரவுக்குப் பின், சிலாங்கூர் பத்தாங் காலியில் மலைச்சரிவு இடிந்து முகாமிட்டிருந்தவர்கள்மேல் விழுந்ததில் 31 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. விவசாயப் பண்ணையாக இருந்த அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அரசாங்கத் தரப்பில் அப்போதே கூறப்பட்டது. மண் சரிவு இறைவன் செயல் என்று ஒருவர் சொல்லலாம். சரிவின் கீழே கூடாரம் போட இடம் குறித்தது மனிதர் செயல். கூடாரத் தொழிலில் இறங்க நினைப்பவர் முதலில் மாவட்ட நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனிச் சில நடைமுறை விஷயங்கள். பொறுப்பு என்பது கிராந்தில் பெயர் இருப்பவரைத்தான் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். இடத்தை யார் கைவசம் வைத்து ஆள்கிறாரோ அவரையே முதலில் பார்ப்பார்கள். குத்தகைக்கு எடுத்தவரும் அகப்படுவார். வாடகைக்கு விட்டும் சாவியையும் மேற்பார்வையையும் தம்மிடம் வைத்திருப்பவரும் அகப்படுவார். கடற்கரை மணலும் கடலடி நிலமும் மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தவை. அதற்கு இப்பால் நாம் போட்ட மரப்படி நம்மைச் சேர்ந்தது. அடிபட்டவரும் கவனக்குறைவாக நடந்திருந்தால், சிவில் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி அவர் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை நம்மிடம் வாங்குவார்கள்.

பலகை விஷயம். "உள்ளே வருபவர் அவரவர் பொறுப்பில் வரவும்" என்று எழுதித் தொங்கவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசகம் வந்தவருக்கு எதையும் அறிவிக்கவில்லை. காசு வாங்கும் இடமானால், 2010-இல் திருத்தப்பட்ட பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட தட்டிக்கழிப்பு நிபந்தனைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. பலகை வைத்தால் இங்கே கிணறு இருக்கிறது என்று எழுத வேண்டும். அதுவும் கிணற்றுப் பக்கத்தில் வைக்க வேண்டும். நாம் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் எழுதி, படிக்கத் தெரியாத பிள்ளைக்காக விழும் ஆள் படம் ஒன்றும் போடச் சொன்னோம். படம் வரைந்தவர் அந்த ஆளைச் சிரித்த முகமாக வரைந்துவிட்டார். திருப்பி எழுதச் செய்தோம்.

பலகையோடு விடவில்லை. லாலாங்கை வெட்டி, மூன்று சிமென்ட் வளையம் இறக்கி, மேலே இரும்பு மூடி போட்டுப் பூட்டினோம். 1,200 வெள்ளிக்குச் சற்று உள்ளாகவே முடிந்தது. கம்பி வேலிக்குக் கேட்ட விலையில் இது கால் பங்குகூட இல்லை. எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்ட வேலை இரண்டு நாளில் தீர்ந்தது. மழைக்குப் பிறகு ஒரு முறையும், பருவத்துக்கு முன்பு ஒரு முறையும் நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்துத் தேதியோடு நோட்டில் குறிக்கிறோம். மூன்றாமவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தக்காஃபுலிலும் உண்டு. ஏஜண்டிடம் கேட்கும்போது கடைக் கட்டடம் மட்டுமா, டூசுனும் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். நமது பத்திரத்தில் டூசுன் இல்லை என்பது பையன் விழுந்த பிறகே நமக்குத் தெரிந்தது.

அந்தப் பையனுக்குக் கை கூடிவிட்டது. வைத்தியச் செலவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தகப்பனார் ரசீதில் கண்ட தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிட்டார். சாமான் வாங்க அவர் இன்னும் நம் கடைக்கு வரவில்லை. பையன் மட்டும் மற்றவர்களோடு மாலையில் திடலுக்கு வருகிறான், கோலியாக நிற்கிறான்.

வரும் பருவத்தில் டூசுனில் டிக்கெட் போட்டு டுரியான் விருந்து நடத்தலாம் என்று நமது மகன் கேட்கிறான். டுரியான் எப்போது விழும் என்று மரத்துக்குத்தான் தெரியும். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் மரத்தடியிலேயே பாய் விரிப்பார்கள். மரங்களுக்கு வலை கட்டவும் திடல் பக்கம் கொட்டகை போடவும் எவ்வளவு ஆகும் என்று கணக்குக் கேட்டிருக்கிறோம். கணக்கு வரும்வரை டிக்கெட் அச்சடிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.